மேட்ச் வேறு, சூட்டபிள் வேறு

இளங்கோ,

உன் கம்பெனிக்கு நீ அனுப்பிய மெயிலை நித்யா என்னிடம் காட்டினாள். அவள்மேல் கோபப்படாதே. பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீயும் உன் அம்மாவும் மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போயிருந்தபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை என் முன்னால் நீட்டி, "மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்று மட்டும் சொன்னாள். அயர்லாந்து வேலையை வேண்டாம் என்று நீ எழுதியிருந்த மெயில் அது. இரண்டே வரி. சொந்தக் காரணங்களால் இதை டிக்லைன் செய்ய வேண்டியிருப்பதற்கு ரிக்ரெட் என்று முடித்திருந்தாய். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று நீ மீனோடு திரும்பி வந்தபோது நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ நடுவில் குறுக்கிட முடியாது.

டிக்லைன் என்ற சொல்லை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். தமிழில் மறுப்பது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று காலம் கழித்தவனுக்கு அது இரண்டு. இன்னொரு கப் காபி தரட்டுமா என்று கேட்கும்போது விருந்தாளி நெஞ்சில் கையை வைத்து, போதும், ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னால் அது டிக்லைன். நேரம் முடிந்த பிறகும் ரூமைக் காலி செய்ய மாட்டேன் என்று கட்டிலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டால் அது ரெஃப்யூஸ். ரெஃப்யூஸ் செய்கிறவனுக்கு அந்தப் பொருள் வேண்டாம். டிக்லைன் செய்கிறவனுக்குப் பல சமயம் வேண்டும், ஆனால் ஏதோ ஒன்று தடுக்கிறது. உனக்கு அந்த வேலை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தடுக்கிற ஏதோ ஒன்று நான்தான் என்பதும் தெரியும்.

எனக்கு இந்தச் சொற்கள் எப்படி வந்தன என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஒன்றை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதற்கு அது வேண்டும். திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள் நம் குடும்பத்தார். பத்தாவதோடு நின்றுபோன நான் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் ரூம் பெருக்கச் சேர்ந்தேன். விருந்தாளிகள் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கியே எனக்கு இங்கிலீஷ் வந்தது. சில வருஷம் கழித்து என்னை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. உன் அம்மா பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

மேசைக்கு வந்த புதிதில் ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி தங்கியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அந்த அம்மாள் ரூமிலிருந்து போன் செய்து, என் கணவர் கீழே இருக்கிறாரா என்று கேட்டார். நான் ஹாலில் பார்த்தேன், சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்தேன், தோட்டத்தில் பார்த்தேன். இல்லை. நாம் என்ன சொல்வோம்? சாரைக் காணோம் என்போம். அதையே இங்கிலீஷில் மாற்றி, சார் மிஸ்ஸிங் மேடம் என்றேன். போன் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. தலையில் ஈரத் துண்டோடு, காலில் செருப்பு இல்லாமல் அந்த அம்மாள் படியில் இறங்கி ஓடிவந்து நேராகக் கடற்கரைக்குப் போனார். அந்த வாரம் முழுக்கக் கடல் கொந்தளிப்பாக இருந்தது. யாரும் இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். காவலாளி பின்னால் ஓட, வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர்கள் எழுந்து வந்தார்கள். "இன்னா அண்ணாத்த, பெருசு உள்ள பூட்டாரா?" என்று ஒருவர் என்னைக் கேட்டபோதுதான் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவர்கள் படகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஓட்டல் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சிற்பக்கூடத்தில் வாங்கிய ஒரு கல் யானையைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஐயா இறங்கினார்.

அந்த அம்மாள் அவரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். சாயங்காலம் என்னிடம் வந்து, அவர் அவுட் என்று சொல்லியிருந்தால் போதுமே என்றார். காணோம் என்பது என் கண்ணைப் பற்றிய பேச்சு. மிஸ்ஸிங் என்பது அந்த மனிதருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்கிற பேச்சு. அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு பொம்பளையின் உயிர் போய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும், ஏன் இதைச் சொன்னார், இதன் பக்கத்துச் சொல்லை ஏன் சொல்லவில்லை என்று மனசு ஒரு நிமிஷம் நின்று பார்க்கும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது டிவிஎஸ்ஸின் பின்சீட்டிலிருந்து நீ இரண்டிரண்டு சொல்லாகக் கேட்டுக்கொண்டே வருவாய். கடன் வாங்குகிற பாரோவுக்கும் கடன் கொடுக்கிற லெண்டுக்கும் நான் சொன்ன விளக்கத்தில் நீ பரீட்சையில் தப்பாக எழுதி வந்தது வேறு கதை.

அந்தப் பழக்கம் என் உடம்பு கெட்டபோதும் என்னை விடவில்லை. மேசைக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்குகிறது என்று நினைத்திருந்தேன். கிட்னி என்று தெரிந்த அன்றைக்கு உன் அம்மா டாக்டரிடம், "சரியாப் பூடுமா சார்?" என்று கேட்டாள். ட்ரீட் பண்ணலாம்மா, நல்லா ட்ரீட் பண்ணலாம் என்றார் டாக்டர். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் எல்லாருக்கும் போன் போட்டுச் சரியாகிவிடுமாம் என்று சொன்னாள். க்யூர் என்ற சொல்லை டாக்டர் வாயில் எடுக்கவே இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கே தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்குப் போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவது என்பது வந்து போகிற வியாதி இல்லை, அது ஒரு வாழ்க்கைமுறை என்று அவள் பழகிக்கொண்டாள்.

இப்போது நாம் இருவரும் ஒரு தடவைகூடப் பேசாததைப் பற்றி எழுதப் போகிறேன். பயப்படாதே, முழுக்கப் படி.

கிட்னி மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது உன் அம்மா முதலில் முன்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் முடியாது என்றார்கள். என்னோடு பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு நாம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகவே சோற்றைப் பிசைந்தபடி, "நான் தரேன் நைனா" என்றாய். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாய். உன் அம்மா எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதாள். சென்னையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் ரத்தத்தை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், மேட்ச் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். உன் அம்மா நம் ஊர் பூஞ்சேரி முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்போது உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆபரேஷன் முடிந்து நீ தேறின பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அப்பாவும் கல்பாக்கத்திலிருந்து வந்து பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரியில் கவுன்சலர் அம்மா உன்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கொடுக்கிறவரிடம் வீட்டார் யாரும் இல்லாமல் பேச வேண்டும் என்பது அவர்கள் நடைமுறை. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து நீ வெளியே வந்து, எங்கள் பக்கம் வராமல், தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அந்தக் கோடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாய். பாட்டிலைத் திறக்கவே இல்லை. கொஞ்சம் பொறுத்து டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்து, உங்கள் பையன் சூட்டபிள் டோனர் இல்லை, இதை இதோடு விட்டுவிடலாம், இறந்தவர்களின் கிட்னிக்குக் காத்திருக்கிறவர்கள் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்றார். நான், மேட்ச் நன்றாக இருக்கிறது என்று போன தடவை சொன்னீர்களே சார் என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மேட்ச் வேற, சூட்டபிள் வேற, பெரியவரே" என்றார்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும், இளங்கோ. அதை எத்தனையோ தடவை நானே சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் குடித்துவிட்டுக் கும்பலாக வந்து ரூம் கேட்பார்கள். ரூம் இருக்கும். சாவி என் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ரூம் இல்லை என்றால் பொய், உங்களுக்குத் தர மாட்டேன் என்றால் சண்டை. அதனால் சூட்டபிள் ரூம் எதுவும் இல்லை சார் என்போம். அதில் பொய்யும் இல்லை, யாருக்கும் அவமானமும் இல்லை. அன்றைக்கு டாக்டர் உன் உடம்பில் கோளாறு என்று சொல்லவில்லை. ஃபிட் இல்லை என்று சொல்லவில்லை. மேட்ச் ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த மூன்றையும் தள்ளிவிட்டு ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அந்தக் கதவுக்குப் பின்னால் உன்னால் முடியாது என்று நீ சொல்லியிருக்கிறாய், அதை வீட்டாரிடம் சொல்லாமல் உன்னைக் காப்பாற்றுவது அவர்கள் கடமை என்று எனக்கு அங்கேயே, அந்த நாற்காலியிலேயே புரிந்துவிட்டது.

வெளியே வந்தேன். நீ எழுந்து நின்றாய். "எனக்கு இன்னாவோ சரியில்லியாம் நைனா" என்றாய். உன் கண்ணைப் பார்த்தால் நீ உடைந்துவிடுவாய் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி வுடு. பசிக்குது, வா, சாப்புடலாம்" என்றேன். எதிர் ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். நீ இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாய், சாப்பிடவில்லை.

எனக்கு வலிக்கவே இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். வலித்தது. காரில் திரும்பும்போது சிறுசேரி தாண்டும்வரை, கேளம்பாக்கம் தாண்டும்வரை வலித்தது. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களையெல்லாம் வெறித்துக்கொண்டே வந்தேன். திருப்போரூர் வந்தபோது, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாய். உன் பின்கழுத்தைப் பார்த்தேன். மேட்ச் என்று சொன்ன நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினால் உன் விலாவில் கத்தி வைப்பது போலவே தோன்றும். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உயிர் ஆசை யாருக்குத்தான் இல்லை? நான் சொல்ல முடியாததை நீ சொல்லிவிட்டாய். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வீடு வந்து சேரும்போது எனக்கு வலி இல்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நீ தூங்கவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் நீ செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் உன் வீடு, சிறுசேரியில் உன் வேலை. ஆனால் என் டயாலிசிஸ் நாள் ஒவ்வொன்றுக்கும் விடிவதற்குள் பூஞ்சேரிக்கு வந்து காரோடு நிற்கிறாய். மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க வெளியே வராண்டாவில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்கிறாய். உன்னோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். டீம் மாறச் சொன்னபோது மாறவில்லை. நான் தடுத்தால், "எனக்கு இன்னா கஷ்டம் நைனா, கார்லதான வந்துகினு கீறேன்" என்பாய். அப்பாவைக் கவனிக்கிற பிள்ளை என்று ஊரே உன்னை மெச்சுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் உன் முகம் போகிற போக்கை நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.

மெயிலில் ரிக்ரெட் என்று எழுதினாயே, அது நல்ல சொல். நடந்தது வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்று மனசு வருந்துவது அது. மழை பெய்து கல்யாணப் பந்தல் நனைந்தாலும் ரிக்ரெட்தான். உனக்கு உள்ளே இருப்பது அது இல்லை. உனக்கு இருப்பது கில்ட். அதற்குக் குற்றம் என்று ஒன்று வேண்டும், குற்றம் சாட்ட ஓர் ஆள் வேண்டும். இங்கே யார் அந்த ஆள்? நான் இல்லை. நீ எனக்குச் செய்தது ஓர் ஆஃபர். உன் கம்பெனிக்காரர்களைக் கேட்டுப் பார், ஆஃபர் வேறு, ப்ராமிஸ் வேறு என்று அவர்களே சொல்வார்கள். ஆஃபரை எடுத்துக்கொள்ளலாம், விடலாம், கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உன் உடம்பு உன்னுடையது. அதை வெட்டித் தருகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னாயே, அதுவே எனக்கு எந்த அப்பனுக்கும் கிடைக்காத வெகுமதி. அன்று அந்த அறைக்குள் நீ ஆபரேஷனுக்குப் பயந்தாயா, நித்யாவை நினைத்தாயா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கப்போவதும் இல்லை. பயந்திருந்தாலும் சொல்கிறேன், பயந்தவன் எல்லாரும் கோழை இல்லை. முடியாது என்பதை முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் வாய்விட்டுச் சொல்லவும் தைரியம் வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை என்று மேலே எழுதினேனே.

ஒரு விஷயத்தில் மட்டும் நானும் நீயும் சேர்ந்து தப்பு செய்திருக்கிறோம். உன் அம்மா விஷயத்தில். சூட்டபிள் இல்லை என்ற அந்தப் பேச்சு அவள் காதில் எப்படி விழுந்தது என்று நாம் யோசிக்கவில்லை. தன் பிள்ளைக்கும் கிட்னி கெட்டிருக்கிறது, டாக்டர் மென்று முழுங்குகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து உன் இலையில் ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, கருவாடு கிடையாது. நீ வந்தால் பார்லி தண்ணீர். கல்யாணமான மறுவாரமே நித்யாவை அழைத்து உப்பைக் குறைத்துப் போடச் சொன்னாள். குழந்தை பிறந்தபோது, முகத்தைப் பார்க்கும் முன்னால் நர்சிடம், கிட்னி நன்றாக இருக்கிறதா பார்த்தீர்களா என்று கேட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நீ அந்தப் பார்லி தண்ணீரைத் தண்டனை மாதிரி குடித்துக்கொண்டு வந்தாய். உன் மானத்தைக் காப்பதாக நினைத்து நானும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அவள் எழுந்து உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். என்னை நினைத்து என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை நீ ஆபீஸ் வேலையாக பெங்களூரு போயிருந்தாயே, வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனாய். அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் மெயிலைப் படித்ததிலிருந்தே, நீ இல்லாமல் நாங்கள் போய்வர முடியுமா என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. உன் அம்மாவும் நானும் பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். உட்கார இடம் கிடைத்தது. மெஷின் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லி சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து, தலைசுற்றல் நின்ற பிறகு பஸ் ஏறினோம். களைப்புதான், ஆனால் காரில் வந்தாலும் அதே களைப்புதான். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க டிரைவர் இறங்கிப் போனார். பஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கேதான் அவளிடம் சொன்னேன்.

சுற்றி வளைக்கவில்லை. அவன் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை, அன்றைக்கு அவனால் கொடுக்க முடியவில்லை, டாக்டர் அதை நம்மிடம் சொல்லாமல் மறைத்தார் என்று சொன்னேன். அவள் உன்மேல் கோபப்படுவாள், அல்லது என் தலைவிதி என்று அழுவாள், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அவன் கிட்னி?" என்றாள்.

"நல்லா கீது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன என்று கேட்டாள். உன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா. எம்புள்ளக்கி ஒடம்பு நல்லா கீதாம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நல்லதுதானே, அதுக்கு ஏன் அழுவுற என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பஸ் கிளம்பின பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவும் உன்மேல் இல்லை, என்மேல். "இத்தினி வருசம் எங்கிட்ட சொல்லாம எப்படி இருந்த நீ? தெனம் ராத்திரி பயந்துகினு கெடந்தேனே" என்றாள். உன்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், இதை மனசில் வைத்துக்கொண்டா அவன் இப்படி ஓடி ஓடி வருகிறான் என்று. ஆமாம் என்றேன். பூஞ்சேரி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "அவன மொதல்ல போவச் சொல்லு" என்றாள். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. குளிர் ஊர் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் மேனேஜர் மாசக் கடைசிவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்கிறாராம், நித்யா சொன்னாள். அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு எடு. அவளுக்கும் அதில் பாதி உரிமை உண்டு. நீ போவதென்றால் எங்களுக்காகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பஸ்ஸில் போய்வர எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மழை நாளுக்கு எதிர்வீட்டு ஆட்டோ இருக்கிறது. என் பெயர் பட்டியலில் இருக்கிறது, முறை வந்தால் கூப்பிடுவார்கள், வராவிட்டால் மெஷின் இருக்கிறது. அங்கே போய் மூன்று வருஷம் இருந்தாலும் முப்பது வருஷம் இருந்தாலும் நீ என் மகன்தான். போகவில்லை என்று நீயும் நித்யாவும் முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை எனக்கு மெஷின் நாள். நீ வர வேண்டாம், காரும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நித்யாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இல்லை, மருந்து வாங்கித் தர இல்லை, என்னைப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. சும்மா வா.

உன்
நைனா